ஞாயிறு வாசிப்புக்கு எந்தக் கோப்பு?

ராயபுரத்தில் எங்கள் தெருக் கோடியில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஒற்றை அறை, இரண்டு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அங்கே பதினோரு பேர் கூடுகிறோம். பெரும்பாலும் பாலிடெக்னிக், கலைக் கல்லூரிப் பிள்ளைகள். மூன்று பேர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவனும் வருகிறான். போன வருடம் முழுக்கச் செய்தித்தாள் படித்துப் பேசினோம். இந்த வருடம் ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் விடாமல் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

விஷயமும் முடிவாகிவிட்டது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் அறிவியலையும் விவசாயத்தையும் தொழில்நுட்பத்தையும் தூரத்தில் இருந்தே எடைபோட்டு எழுதிய உளவு மதிப்பீடுகள். அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தன்னுடைய பழைய ஆவணங்களில் ரகசியம் நீக்கப்பட்ட ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை, ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் பக்கங்களை, 2017 ஜனவரியில் இணையத்தில் ஏற்றியது. அதற்கு முன்னால் அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மேரிலாந்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கே நேரில் போயாக வேண்டும். இன்றைக்குக் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி செல்போனில் படிக்கலாம்.

இது எதற்கு நமக்கு என்று ஒரு தம்பி முதல் நாளே கேட்டான். நியாயமான கேள்வி. வட சென்னையில் பிறந்தவர்களைப் பற்றி யாராவது, எங்கேயாவது உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மணலிக் காற்று இவ்வளவு, எண்ணூர் கழிமுகத்தில் மண் இவ்வளவு, இந்த வார்டில் வறுமை இவ்வளவு. அந்த அறிக்கைகளை நம் பிள்ளைகள் கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்: இது உனக்கு எப்படித் தெரிந்தது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய், பிறகு உண்மையோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா? உளவு மதிப்பீடுகளில் இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கிறது. பல அறிக்கைகளில் பக்கம் பக்கமாகக் கருப்பு மை பூசியிருந்தாலும், ஐம்பது வருடம் கழித்துப் படிப்பதால் விடை நம் கையில் இருக்கிறது.

சரி, எந்தக் கோப்பு? நாங்கள் நான்கை மேசையில் வைத்தோம். இரண்டு ஞாயிறு வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்று எழுதிவைக்கிறேன். இதுபோன்ற வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் பேசியது பொக்ரான். 1998 மே 11 அன்று இந்தியா நடத்திய அணுகுண்டுச் சோதனையை அமெரிக்க உளவுத்துறை முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை. 1995 டிசம்பரில் செயற்கைக்கோள் படத்தில் ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு, தூதர் மூலம் அந்தப் படத்தையே காட்டி எச்சரித்திருந்தார்கள். அந்தப் படத்திலிருந்தே எதை மறைக்க வேண்டும் என்று இந்தியத் தரப்பு கற்றுக்கொண்டது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் வராத நேரத்தில் வேலை, விஞ்ஞானிகளுக்கு ராணுவ உடை. அப்துல் கலாம் அங்கே மேஜர் ஜெனரல் பிருத்விராஜ். ஏன் தவறவிட்டோம் என்று ஆராய அட்மிரல் டேவிட் ஜெரமையா தலைமையில் அமெரிக்கா ஒரு குழுவே போட்டது.

பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்த மாலை நடந்ததை வைத்தே நான் இதை வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் எல்லாரும் பெருமைப்பட்டார்கள், யாரும் ஒரு பக்கமும் படிக்கவில்லை. நாம் ஜெயித்த ஆட்டத்தில் எதிராளியின் தப்பைப் பொறுமையாகப் படிப்பது கடினம். அதோடு நடந்து அதிக காலம் ஆகாததால் மூல ஆவணங்களில் வெளியே வந்தது குறைவு.

இரண்டாவது 1949. இதை மட்டும் எல்லாரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று சொல்வேன். சோவியத் யூனியன் எப்போது அணுகுண்டு செய்யும் என்று சி.ஐ.ஏ. ஒரு குறிப்பு எழுதியது. மிக முன்னதாக என்றால் 1950இன் நடுப்பகுதி, பெரும்பாலும் 1953இன் நடுப்பகுதி என்றது அந்தக் குறிப்பு. அதன் தேதி 1949 செப்டம்பர் 20. சோவியத் தன் முதல் குண்டை வெடித்த தேதி ஆகஸ்ட் 29. மூன்று வாரத்துக்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றுக்கு நான்கு வருடம் தள்ளித் தேதி கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் செப்டம்பர் 3ஆம் தேதியே அமெரிக்க விமானப்படையின் விமானம் ஒன்று கம்சட்கா அருகே காற்றில் கதிரியக்கத் துகள்களைப் பிடித்துவிட்டது. ஒரே அரசாங்கத்தில் ஒரு கைக்குத் தெரிந்தது இன்னொரு கைக்குப் போய்ச்சேரவில்லை. 23ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் உலகத்துக்கே அறிவித்தார்.

ஏன் தப்பியது என்பதும் படிக்க நன்றாக இருக்கிறது. சோவியத்திடம் யுரேனியத் தாது போதுமான அளவு இல்லை என்று நினைத்தார்கள். அந்தத் தாதுவைத் தேடிப் பிடிக்க அந்த நாடு எவ்வளவு ஆட்களை இறக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு உள்ளிருந்தே விஞ்ஞானி கிளவுஸ் ஃபுக்ஸ் போன்றவர்கள் சோவியத்துக்குச் செய்தி கொடுத்திருந்தது சி.ஐ.ஏ.வுக்குத் தெரியாது. ஆனால் கோப்பு சின்னது. ஒரு மாலைக்குப் போதும், ஆறு மாதத்துக்குப் போதாது. அப்புறம் இன்னொரு குறை: ஒரே ஒரு கணிப்பு, ஒரே ஒரு தவறு. அதை வைத்து அவர்கள் மோசமான கணிப்பாளர்களா, அந்த ஒரு முறை மட்டும் சறுக்கினார்களா என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது, சோவியத் விண்வெளித் திட்டம். முதல் சுற்றில் இதற்குத்தான் அதிக ஓட்டு விழுந்தது. எங்கள் வட்டத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் பெண் ஒருத்தி இதற்காகக் கடைசிவரை வாதாடினாள், அவள் சொன்னதில் நியாயம் உண்டு.

இதில் என்ன இல்லை? 1957இல் யூ-2 உளவு விமானம் ரயில் தண்டவாளத்தைப் பின்தொடர்ந்து போய் கஜகஸ்தான் பாலைவனத்தில் தியுராதம் ஏவுதளத்தைக் கண்டுபிடித்தது. பிறகு செயற்கைக்கோள் வந்தது. படச்சுருளை ஒரு கலத்தில் போட்டுப் பாராசூட்டில் இறக்குவார்கள், பசிபிக் கடலுக்கு மேல் விமானம் அதை நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். அந்தப் படங்களில் தியுராதமில் ராட்சத ஏவுமேடை ஒன்று எழும்புவதைப் பார்த்து, மேடை இவ்வளவு பெரிது என்றால் அதில் நிற்கப்போகும் ராக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அதுதான் என்-1, நிலவுக்கு மனிதனை அனுப்ப சோவியத் கட்டிய ராக்கெட். நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. 1969 ஜூலை 3 அன்று ஏவியபோது ராக்கெட் மேடை மேலேயே விழுந்து வெடித்தது. நிலவுக்குப் போட்டியே நடக்கவில்லை என்று 1989 வரை மாஸ்கோ சாதித்தது. ஆனால் அந்தக் கருகிய மேடையின் படம் வாஷிங்டனில் எப்போதோ இருந்தது.

அப்புறம் அந்த லூனிக் கதை. சோவியத் தன் நிலவுக் கலத்தைக் கண்காட்சிக்காக நாடு நாடாகக் கொண்டுபோனது. வெறும் மாதிரி அல்ல, எஞ்சினைக் கழற்றிய நிஜக் கலம் என்று தெரிந்ததும், மெக்சிகோவில் சி.ஐ.ஏ. ஆட்கள் அதை ஒரே ஒரு ராத்திரிக்குக் கடத்தினார்கள். ரயில் நிலையத்துக்குப் போக வேண்டிய லாரியைத் திருப்பி, பழைய இரும்புக் கிடங்கு ஒன்றுக்குக் கொண்டுபோய், மரப்பெட்டியின் கூரைப் பலகையைக் கழற்றி, தடம் பதியக்கூடாது என்று காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே இறங்கினார்கள். பாகம் பாகமாகப் படம் எடுத்தார்கள். ஒரு முத்திரையை அறுக்க வேண்டியிருந்தது, அதே மாதிரி இன்னொன்று செய்து ஒட்டினார்கள். விடிவதற்குள் பெட்டி திரும்பிவிட்டது. இதைப் பற்றி சி.ஐ.ஏ.வின் உள்ளிதழில் 1967இல் வந்த கட்டுரை 1994இல் வெளியானது.

இதைப் படித்தால் பிள்ளைகள் அடுத்த வாரமும் வருவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். உண்மைதான். நான் தயங்கியதற்குக் காரணம் வேறு. விண்வெளிக் கோப்பில் நம்மால் செய்துபார்க்கக் கூடியது எதுவும் இல்லை. வாய்பிளந்து படிக்கலாம், அவ்வளவுதான். தூரத்தில் இருந்து ராக்கெட்டை அளக்கும் வேலையை ராயபுரத்தில் உட்கார்ந்து எப்படிப் பழகுவது?

நான்காவதுக்கு வருகிறேன். சோவியத் தானிய விளைச்சல். சொன்னவுடனே எல்லாரும் முகம் சுளித்தார்கள். கோதுமையா, அக்கா?

நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டையை எண்ணிக் குறித்துக்கொள்வது வேலை. அறுபதுகளில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. மொத்தமாகக் கொட்டிவரும் சரக்கை யாரும் மூட்டை மூட்டையாக எடை போடுவதில்லை, கப்பல் எத்தனை அடி தண்ணீரில் அமுங்கியிருக்கிறது என்று பக்கவாட்டில் எழுதிய எண்ணைப் பார்த்தே எத்தனை டன் என்று கணக்கிட்டுவிடுவார்கள் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். படகு வீட்டுப் பையன் உடனே சொன்னான், "எங்க அப்பாவும் அப்படித்தான் அக்கா. போட்டு உள்ளே வரும்போதே எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பார்த்து, எத்தனை கூடைன்னு சொல்லிடுவாரு." அங்கேதான் பேச்சு திரும்பியது.

அந்தக் கோதுமைக் கப்பல்களே ஒரு மதிப்பீட்டின் பேரில்தான் வந்தன. 1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாக அனுமதி கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைத் தளர்த்தினார். இந்தியாவில் எங்கே மழை பெய்தது, பயிர் எப்படி இருக்கிறது என்ற அறிக்கைகளைத் தானே கவனித்துவந்தார். நாம் எவ்வளவு பசியோடு இருக்கிறோம் என்று வாஷிங்டனில் ஒருவர் எழுதிய தாள், ராயபுரத்துக்குப் பக்கத்தில் கப்பல் எப்போது நிற்கும் என்பதைத் தீர்மானித்தது. இதைச் சொன்னபோது அறை அமைதியாகிவிட்டது.

இனி சோவியத் கணக்கு. விளைச்சலைக் கணிக்கும் சூத்திரம் எளிது: விதைத்த பரப்பு, பெருக்கல், ஏக்கருக்கு எவ்வளவு. பரப்பை உள்ளூர்ச் சோவியத் பத்திரிகைகளில் இருந்து பொறுக்கினார்கள். விளைச்சலுக்கு வானிலைத் தகவல், தூதரக விவசாய அதிகாரிகளின் பயணம், பிறகு செயற்கைக்கோள். விடை ஒவ்வொரு வருடமும் வரும். 1972இல் சுமார் 16.8 கோடி டன், 1973இல் 22 கோடியைத் தாண்டியது, 1975இல் வறட்சியால் வெறும் 14 கோடி, 1978இல் 23.7 கோடி. ஊஞ்சல் மாதிரி. இதைக் கணிப்பது விளையாட்டு இல்லை.

1972தான் இந்தக் கோப்பின் உயிர். குளிரில் பனிப்போர்வை போதாமல் கோதுமை செத்தது, கோடையில் வறட்சி. பயிர் கெட்டது வெளியே ஓரளவு தெரிந்தே இருந்தது. அதற்கு முன்பெல்லாம் விளைச்சல் குறைந்தால் சோவியத் அரசு ஆடுமாடுகளை வெட்டி, மக்களின் வயிற்றை இறுக்கிச் சமாளிக்கும். இந்த முறை சோவியத் தலைவர் பிரெஷ்நேவ் மக்களுக்குக் கறி தருவதாகச் சொல்லியிருந்தார். போலந்தில் 1970 டிசம்பரில் உணவு விலையால் கலவரம் வெடித்து ஆட்சித் தலைமையே மாறியதையும் பார்த்திருந்தார்கள். அதனால் கால்நடைத் தீவனத்தைக் காப்பாற்றத் தானியத்தை வெளியே வாங்க முடிவு செய்தார்கள். அந்தக் கோடையில் சோவியத் ஆட்கள் அமெரிக்கத் தானியக் கம்பெனிகளிடம் தனித்தனியாகப் போய் வாங்கினார்கள். ஒரு கம்பெனி விற்றது இன்னொரு கம்பெனிக்குத் தெரியாது. அமெரிக்க அரசே ஏற்றுமதி மானியம் கொடுத்து விலையைக் குறைத்து வைத்திருந்தது. ஒரு கோடி டன்னுக்கு மேல் விற்றுப்போன பிறகுதான் விழித்தார்கள். ஒரு வருடத்துக்குள் கோதுமை விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

கணக்குத் தப்பவில்லை, கேள்விதான் தப்பியது என்பது என் வாசிப்பு. பயிர் எவ்வளவு குறையும் என்று பார்த்தவர்கள், குறைந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று புதிதாகக் கேட்கவில்லை. அதே சமயம் இங்கேயும் வறட்சி. 1973இல் உலகச் சந்தையில் விலை எகிறி நின்றபோது, இந்தியா சோவியத் யூனியனிடம் இருந்து 20 லட்சம் டன் கோதுமையைக் கடனாக வாங்கியது. எங்கோ தவறிய ஒரு மதிப்பீட்டின் வால் நம் ரேஷன் கடை வரை நீள்கிறது.

அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் இதில் பணத்தையும் ஆளையும் கொட்டினார்கள். 1974இல் நாசாவும் விவசாயத் துறையும் வானிலை அமைப்பும் சேர்ந்து, லேண்ட்சாட் செயற்கைக்கோளை வைத்துக் கோதுமை வயலை அளக்கும் பெரிய சோதனை தொடங்கின. இருந்தும் 1977இல் விவசாயத் துறை 21.5 கோடி டன் என்று சொல்லிக்கொண்டிருக்க, நவம்பரில் பிரெஷ்நேவ் எழுந்து 19.4 கோடி என்றார். மறுபடியும் சந்தை அதிர்ந்தது. ஆனால் லேண்ட்சாட் சோதனை அந்த வருடத்து வசந்தகாலக் கோதுமை குறையப்போவதை முன்பே காட்டியிருந்தது. ஒரே நாடு, ஒரே வருடம், இரண்டு வழி, இரண்டு விடை. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து வாதாட வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பிடித்துப்போன இன்னொரு விஷயம், பங்கர் எடை. சோவியத் அறிவித்த எண், அறுவடை இயந்திரத்தின் தொட்டியில் விழுந்த எடை. ஈரம், மண், களைவிதை எல்லாம் சேர்த்தி. அதனால் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த எண்ணில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீனை எடை போட்டால் என்ன ஆகும் என்று காசிமேட்டுப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது?

குறையும் சொல்லிவிடுகிறேன். எண்கள் அதிகம், அட்டவணை அதிகம். தட்டச்சு மங்கிய ஆங்கிலம். மொழிபெயர்ப்புச் செயலி அட்டவணையைக் குதறிவிடுகிறது. அதனால் முழு அறிக்கையைத் தொடாமல், முன்னுரைச் சுருக்கத்தை மட்டும் நான் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். 1981இல் இருந்து சில வருடம் சோவியத் விளைச்சல் எண்ணையே வெளியிடாமல் நிறுத்தியது. அந்த இருட்டு வருடங்களை விட்டுவிட்டு 1972, 1975, 1977 மூன்றை மட்டும் எடுக்கிறோம்.

எந்தக் கோப்பானாலும் முதல் வாரம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. சி.ஐ.ஏ.வில் ஷெர்மன் கென்ட் என்று ஒரு மூத்த ஆய்வாளர். 1951இல் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்கக் கணிசமான சாத்தியம் உண்டு என்ற பொருளில் அவர் குழு எழுதியது. அப்படியென்றால் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு அதிகாரி கேட்டார். 65 இருக்கும் என்றார் கென்ட். பிறகு தன் குழுவிலேயே விசாரித்தால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாக்கியம் அது.

நாங்களும் செய்துபார்த்தோம். "இன்று ராத்திரி மழைக்கு வாய்ப்பு இருக்கிறது" என்று சொன்னால் நூற்றுக்கு எவ்வளவு என்று சீட்டில் எழுதச் சொன்னேன். 25இல் இருந்து 90 வரை வந்தது. அப்போது எனக்கு அண்ணாவின் 1967 தேர்தல் வாக்கு நினைவுக்கு வந்தது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். எது ஆசை, எது உறுதி என்று இரண்டு சொல்லில் பிரித்துக் காட்டிய வாக்கியம் அது. மதிப்பீடு எழுதுகிறவர்களும் அப்படிப் பிரித்து எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் முதல் மாதப் பாடம்.

ஆக, தானியம். ஏழுக்கு நான்கு ஓட்டு. விண்வெளிக்காக வாதாடிய பெண் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு அவளுடையது, முதல் தடவை லூனிக். ஒப்புக்கொண்டேன். 1949 குறிப்பை இரண்டாவது மாதம் ஒரு மாலை படிப்போம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. விசைப்படகுகள் திரும்ப ஆரம்பித்ததும் ஒரு விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் கூடுகிறோம். ஆளுக்கொரு நோட்டு. படகு கரைக்கு வருவதற்குள் எத்தனை கூடை என்று ஒரு எண், எவ்வளவு உறுதி என்று நூற்றுக்கு ஒரு எண். ஏலம் முடிந்ததும் பக்கத்திலேயே உண்மைக் கணக்கை எழுத வேண்டும். அழிப்பான் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படகு வீட்டுப் பையன் தன் அப்பாவையும் அழைத்துவருகிறான், அவருக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.